கட்டத் தவறினால்...

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சட்ட உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



வாரமெல்லாம் உழைத்துவிட்டுக் கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையை இந்தக் கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம்.

நாங்கள் இன்று பேச வந்திருப்பது கொலை வழக்கு, கொள்ளை வழக்கைப் பற்றி அல்ல. சின்ன வழக்குகளைப் பற்றி. நடைபாதையில் கடை போட்டது, தண்டவாளத்தைத் தாண்டியது, டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறியது, குடித்துவிட்டுத் தெருவில் சத்தம் போட்டது, குழாயடிச் சண்டையில் கை நீட்டியது, இப்படிப்பட்ட வழக்குகள். இந்த மும்பையில் கோர்ட் வாசலை மிதித்த நம்மவர்களில் பலர் இவற்றுக்காகத்தான் மிதித்திருக்கிறார்கள். "சின்ன கேஸ்தான், ஒத்துக்கொண்டு பைனைக் கட்டிவிட்டுப் போ, அரை மணி நேர வேலை" என்று கூட வருகிறவர்களே புத்தி சொல்லுவார்கள்.

தீர்ப்பு எப்படி வரும்? "500 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் 7 நாள் வெறுங்காவல்." பத்திரிகையில் நூறு தடவை படித்த வாக்கியம்தான். ஆனால் நின்று பாருங்கள். ஒரே தீர்ப்பில் இரண்டு பாதி இருக்கிறது. முதல் பாதி பணம் உள்ளவனுக்கு. இரண்டாம் பாதி இல்லாதவனுக்கு. குற்றம் ஒன்றே, சட்டம் ஒன்றே, நீதிபதியும் ஒருவரே. பையில் இருக்கிற பணத்தைப் பொறுத்து ஒருவன் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறான், இன்னொருவன் ஜெயிலுக்குப் போகிறான்.

இந்த ஏற்பாடு வானத்திலிருந்து விழுந்ததல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியில், ஏழைகளை வேகமாகவும் மலிவாகவும் தண்டித்து அனுப்புவதற்கென்று கட்டிய ஏற்பாடு. அது எப்படிக் கட்டப்பட்டது, அதில் எது இடிந்தது, எது இன்னும் நிற்கிறது, அதற்குள் மாட்டிக்கொண்டால் நமக்கு எந்தெந்தக் கதவுகள் உண்டு என்பதுதான் இன்றைய பேச்சு.

தொழுமரம்

முதலில் நம் சொந்த ஊருக்குப் போவோம். 1816-ஆம் ஆண்டு. சென்னை மாகாணத்தில் கும்பினி ஆட்சி. தாமஸ் மன்றோவின் கமிஷன் செய்த யோசனைகளின் பேரில் பல ஒழுங்குமுறைச் சட்டங்கள் அந்த ஆண்டு வந்தன. அவற்றில் 11-வது சட்டம் கிராமத் தலைவருக்குப் போலீஸ் அதிகாரம் கொடுத்தது. வாய்ச்சண்டை, வசைமொழி, லேசான கைகலப்பு போன்ற அற்ப வழக்குகளை அவரே விசாரித்துத் தண்டிக்கலாம். என்ன தண்டனை? கிராமச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம்.

அதோடு விட்டார்களா? குற்றம் செய்தவர் 'கீழ்ச்சாதி'யாராக இருந்தால், அவரை 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டி வைக்கலாம் என்று அதே சட்டம் சொன்னது. தொழுமரம் என்றால் இந்தக் காலப் பிள்ளைகளுக்குத் தெரியாது. துளை போட்ட இரண்டு கட்டைகள். நடுவில் காலை வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஊரே பார்த்துக்கொண்டு போகும். இப்படிப்பட்ட இழிவான தண்டனையைக் கொடுத்தாலும் தகாது என்று சொல்ல முடியாத சாதியார் என்பது போல அந்தச் சட்டமே காரணமும் சொல்லியது.

ஒரே வசைமொழி. வாயைத் திறந்தவன் எந்தச் சாதி என்று பார்த்து ஒருவனுக்குச் சாவடி, இன்னொருவனுக்குத் தொழுமரம். வழக்கத்தில் நடந்த கொடுமை என்று சொல்லித் தப்ப முடியாது. அச்சடித்த சர்க்கார் சட்டம் அது. திருநெல்வேலியிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் பாட்டன்மார் பிழைப்புத் தேடிப் புறப்பட்டபோது, பசியிடமிருந்து மட்டுமா தப்பித்தார்கள்? இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

முன்பணம் வாங்கியவன் குற்றவாளி

அடுத்தது 1859. அந்த ஆண்டின் 13-வது சட்டத்துக்கு வேலையாள் ஒப்பந்த மீறல் சட்டம் என்று பெயர். கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களுக்கென்று முதலில் வந்து, பிறகு மற்ற இடங்களுக்கும் விரிந்தது.

சட்டம் சொன்னது இதுதான். ஒரு கைவினைஞனோ கூலியாளோ முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, வேலையைச் செய்யாமல் போனால், முதலாளி போலீஸ் மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். மாஜிஸ்திரேட், பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையைச் செய்து முடி என்று உத்தரவு போடுவார். அதற்கும் பணியாவிட்டால் 3 மாதம் வரை கடுங்காவல்.

முதலாளி கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றினால்? அவருக்கு இந்தச் சட்டத்தில் சிறை கிடையாது. ஊரில் யார் யாரிடம் கடன் வாங்கித் திருப்பாவிட்டாலும் அது சிவில் வழக்கு. தொழிலாளி வாங்கிய முன்பணம் மட்டும் கிரிமினல் வழக்கு! நீலகிரியிலும் வயநாட்டிலும் அசாமிலும் மலைத்தோட்டக் கூலிகளைக் கட்டிப்போடும் கயிறாக இந்தச் சட்டம் பயன்பட்டது. கங்காணி கொடுத்த அட்வான்ஸ் ஒரு கையில், மாஜிஸ்திரேட் கோர்ட் மறு கையில். 1925-இல் போட்ட ரத்துச் சட்டத்தால் 1926 ஏப்ரல் 1 முதல்தான் இது ஒழிந்தது. 66 ஆண்டுகள் உயிரோடு இருந்தது.

'சின்ன வழக்கு' என்ற சொல்லில் ஏமாறக் கூடாது என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. சட்டப் புத்தகத்தில் சின்னது, குடும்பத்துக்குப் பெரியது. கூலிக்காரனை வேலையில் பிடித்து நிறுத்தவும், தெருவில் நடமாடுகிறவனை அடக்கவும் பெரிய வழக்குகளைவிட இந்தச் சின்ன வழக்குகளே ஆட்சிக்கு அதிகமாகப் பயன்பட்டன.

வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர்...

1860-இல் இந்திய தண்டனைச் சட்டம் எழுதப்பட்டு 1862 முதல் அமலானது. எது குற்றம், எவ்வளவு தண்டனை என்று அது சொன்னது. எப்படி விசாரிப்பது என்பதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1861, 1872, 1882, 1898 என்று திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சுருக்கமுறை விசாரணைக்கென்று ஒரு அத்தியாயமே இருந்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தொடர்ந்தது.

சுருக்கமுறை என்றால் என்ன? 50 ரூபாய்க்கு மேற்படாத திருட்டு, லேசான அடிதடி, இப்படிப்பட்ட வழக்குகளை அதிகாரம் பெற்ற மாஜிஸ்திரேட் சுருக்கமாக விசாரித்து 3 மாதம் வரை சிறை விதிக்கலாம். அப்பீல் இல்லாத வழக்கானால் சாட்சி சொன்னதை எழுத வேண்டாம். முறைப்படி குற்றச்சாட்டு வனைய வேண்டாம். ஒரு பதிவேட்டில் கட்டங்களை நிரப்பினால் போதும். வரிசை எண், குற்றம் நடந்த தேதி, புகார் செய்தவர் பெயர், எதிரியின் பெயர், தகப்பனார் பெயர், இருப்பிடம், குற்றம், எதிரி சொன்ன பதில், முடிவு, தண்டனை. தண்டித்ததற்கான காரணம் சுருக்கமாக ஒரு வரி. ஒரு மனிதனின் மூன்று மாதம் ஒரே வரிசைக்குள் அடங்கிவிட்டது.

சாட்சி சொன்னது ஏட்டில் இல்லாதபோது, மேல்கோர்ட் எதைப் பார்த்துத் தவறு கண்டுபிடிக்கும்? சுருக்கமுறையில் 200 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதித்தால் அப்பீலே கிடையாது என்றும் வைத்திருந்தார்கள்.

பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களின் நிலை இன்னும் விசேஷம். இங்கே இருந்தவர்கள் பிரசிடென்சி மாஜிஸ்திரேட்டுகள். அவர்கள் 6 மாதத்துக்கு மேல் சிறையோ, 200 ரூபாய்க்கு மேல் அபராதமோ விதித்தால்தான் ஹைகோர்ட்டுக்கு அப்பீல். அதாவது 6 மாதம் வரை ஜெயிலுக்கு அனுப்பினாலும் அப்பீல் இல்லை. பிழைப்புக்கு வந்தவர்கள் கூடும் நகரங்களில்தான் இந்தக் கதவு இவ்வளவு இறுக்கமாகச் சாத்தியிருந்தது!

மற்ற ஊர்களில் தண்டித்தவர்கள் யார்? கலெக்டரே ஜில்லா மாஜிஸ்திரேட். தாசில்தார் கையில் வரி வசூலும் இருந்தது, மாஜிஸ்திரேட் அதிகாரமும் இருந்தது. பெஞ்சு கோர்ட்டுகளில் ஆனரரி மாஜிஸ்திரேட்டுகளாக ஊர்ப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்தார்கள். பிடிக்கச் சொல்கிறவரும், வரி கேட்கிறவரும், தண்டிக்கிறவரும் ஒரே ஆளானால், கூண்டில் நிற்கிறவன் யாரிடம் முறையிடுவான்?

இதற்கு மேல் பிரம்படி. 1864-ஆம் ஆண்டுக் கசையடிச் சட்டப்படி திருட்டு போன்ற குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகவே அடி கொடுக்கலாம். 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அடிக்கு உச்ச அளவு 30. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையனுக்கு 15. ஜெயிலில் வைத்தால் சோறு போட வேண்டும். பிரம்புக்கு ஏது செலவு?

முப்பது ரூபாய்

சரி, வெள்ளைக்காரருக்கும் இதே வேகம்தானா? 1876-இல் வைசிராய் லிட்டன் பிரபு கண்டித்து எழுதியதால் நாடு முழுக்கத் தெரியவந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். ஆக்ராவில் ஃபுல்லர் என்ற வெள்ளைக்கார வக்கீல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்படும்போது வண்டி தயாராக இல்லை என்று தன் குதிரைக்காரனை அடித்தார். அடிபட்டவன் கொஞ்ச நேரத்தில் செத்துப்போனான். மண்ணீரல் கிழிந்து இறந்தான் என்றார் டாக்டர். மாஜிஸ்திரேட் இதைச் சாதாரணக் காயம் விளைவித்த வழக்காக எடுத்துக்கொண்டு தீர்ப்பளித்தார். 30 ரூபாய் அபராதம். கட்டத் தவறினால் 15 நாள் சிறை.

அதே வாக்கியம்தான், தோழர்களே! ஆனால் அந்த வக்கீலுக்கு இரண்டாம் பாதி வெறும் எழுத்து. ஒரு ஏழையின் உயிருக்கு 30 ரூபாயோடு கணக்கு முடிந்தது. அதே நாட்களில், முன்பணம் வாங்கிவிட்டுத் தோட்டத்தை விட்டு ஓடிய கூலிக்கு 3 மாதம் கடுங்காவல் காத்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

லிட்டன் கண்டித்ததால் அமைப்பு மாறிவிடவில்லை. 1883-இல் இல்பர்ட் மசோதா வந்து, இந்திய நீதிபதிகளும் வெள்ளைக்காரரை விசாரிக்கலாம் என்றபோது பெரும் ரகளை நடந்தது. 1884-இல் சமரசம் செய்தார்கள். ஜில்லா மாஜிஸ்திரேட் முன்னால் வரும் வழக்கில்கூட, பாதிப்பேருக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ உள்ள ஜூரியை வெள்ளைக்காரர் கேட்டு வாங்கலாம் என்று ஆயிற்று. ஒருவனுக்கு ஜூரி; இன்னொருவனுக்கு ஒரு வரிப் பதிவேடு.

"குன்ஹா கபூல் ஆஹே கா?"

இனி விசாரணையின் உயிர்நாடிக்கு வருகிறோம். 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 242, 243-ஆம் பிரிவுகள். சின்ன வழக்கில் எதிரியை நிறுத்தி, இன்ன குற்றம் என்று விவரம் சொல்லி, உன்னைத் தண்டிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டா என்று கேட்க வேண்டும். அவர் குற்றத்தை ஒத்துக்கொண்டால், அதைக் கூடுமான வரை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு தண்டனை கொடுக்கலாம். சாட்சி வேண்டாம், ஆதாரம் வேண்டாம், வாதம் வேண்டாம். ஒரே ஒரு "ஆம்" போதும்.

1973-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே முறைதான் 251, 252-ஆம் பிரிவுகளாக வந்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. "குன்ஹா கபூல் ஆஹே கா?" என்று கேட்கிறார்களே, அது இந்தக் கேள்விதான். நம்மில் பலர் கேள்வி முடிவதற்குள் தலையை ஆட்டிவிடுகிறோம். மராத்தி பாதி புரியும், இந்தி முக்கால் புரியும், பயத்தில் எதுவுமே புரியாது. அந்தத் தலையாட்டல் தண்டனையாகிறது. ஒத்துக்கொண்ட பிறகு, தண்டனை அதிகம் என்றோ சட்டப்படி செல்லாது என்றோ அப்பீல் செய்யலாம். நான் குற்றமே செய்யவில்லை என்று அப்பீலில் சொல்ல வழி இல்லை.

'சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும்' என்பது வெறும் அலங்காரமல்ல. சென்னை மாநிலத்திலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன ஒரு வழக்கில் 1965-இல் இதைத் தெளிவாகச் சொன்னார்கள். 243-ஆம் பிரிவின்படி எதிரியின் சொற்களை எழுதிக்கொள்வது கட்டாயம், அதை மீறினால் அந்தத் தண்டனை செல்லாது என்பது தீர்ப்பு. ஒரு கூலித் தொழிலாளி கையில் எடுத்துக்கொள்ளத் தக்க ஆயுதம் இது.

அறிந்து ஒத்துக்கொள்வது வேறு, அறியாமல் தலையாட்டுவது வேறு. 1917 ஏப்ரல் 18 அன்று பீகாரில் மோதிஹாரி கோர்ட்டில் காந்தி நின்றார். சம்பாரனை விட்டு வெளியேறு என்ற உத்தரவை மீறிய வழக்கு. அவர் குற்றத்தை ஒத்துக்கொண்டார். ஆனால் ஏன் மீறினேன் என்று எழுதி வந்து வாசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் தீர்ப்பைத் தள்ளி வைத்து 100 ரூபாய் ஜாமீன் கேட்டார். காந்தி கொடுக்க மறுத்தார். அவருடைய சொந்தப் பொறுப்பிலேயே விட்டார்கள். சில நாளில் வழக்கே வாபஸ் ஆனது. ஜாமீன் பணம் இல்லாமலும் விடுகிற அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு என்பதையும் இதில் கவனிக்க வேண்டும். காந்திக்கு உண்டென்றால் கட்டட வேலைக்காரனுக்கும் உண்டு.

50 ரூபாய்க்கு 2 மாதம்

இப்போது அந்த இரண்டாம் பாதிக்கு வருவோம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு 1860-இல் ஒரு விலைப்பட்டியல் போட்டது. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தில், அபராதம் 50 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டாதவனுக்கு 2 மாதம் வரை சிறை. 100 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் 4 மாதம் வரை. அதற்கு மேல் எவ்வளவானாலும் 6 மாதம் வரை.

அன்று 50 ரூபாய் என்பது கூலியாளுக்குப் பல மாதச் சம்பளம். பிறகு ரூபாயின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. பட்டியல் மட்டும் மாறவில்லை. விடுதலை வந்து, குடியரசு வந்து, எத்தனையோ சர்க்கார் வந்து போன பிறகும், 2024 ஜூன் வரை 50 ரூபாய்க்கு 2 மாதம் என்பதே ஏட்டில் இருந்தது. 500 ரூபாய் கட்ட முடியாதவனை 6 மாதம் வரை உள்ளே வைக்க ஏட்டில் இடம் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதா இதை மாற்றி, 5,000 ரூபாய் வரை 2 மாதம், 10,000 ரூபாய் வரை 4 மாதம், அதற்கு மேல் ஒரு வருஷம் வரை என்று வைத்தது. தொகை மாறியது. பணம் இல்லாவிட்டால் ஜெயில் என்ற தத்துவம் மாறவில்லை.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்களைச் சிறைத் தண்டனையில் கழிக்கலாம். ஆனால் அபராதம் கட்டாததற்கான சிறையில் அதைக் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

விடுதலைக்குப் பின்

எதுவும் மாறவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். 1955-இல் கசையடி ஒழிந்தது. 1958-இல் நன்னடத்தைச் சட்டம் வந்தது. 1973-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் அமலாகி, தண்டிக்கும் வேலையை ஹைகோர்ட்டின் கீழுள்ள நீதித்துறை மாஜிஸ்திரேட்டுகளிடம் கொடுத்தது. சுருக்கமுறை விசாரணையிலும், எதிரி குற்றத்தை மறுத்தால் சாட்சியத்தின் சாரத்தையும் காரணத்தோடு தீர்ப்பையும் எழுத வேண்டும் என்று ஆனது. 1986-இல் சுக்தாஸ் வழக்கில், இலவச வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏழை எதிரிக்கு எடுத்துச் சொல்லாமல் தண்டித்தால் அந்த விசாரணையே பழுது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது.

புதிய சட்டத்தில் சமூக சேவை என்ற தண்டனையும் வந்திருக்கிறது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்தால் அதைக் கொடுக்கலாம். முதல் தடவையாக 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் தண்டிக்கப்பட்டவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. ஜெயிலைவிட இது மேல், சந்தேகமில்லை. ஆனால் கூலியில்லாத வேலை அது. நாள் கூலிக்காரனுக்கு ஒரு நாள் சேவை என்பது ஒரு நாள் பட்டினி. விடுமுறை நாளில் செய்ய அனுமதி கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

தாய்மார்களே, இதைக் குறிப்பாக நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரரையோ பிள்ளையையோ பிடித்துக்கொண்டு போனால் கோர்ட்டுக்கு ஓடுகிறவர்கள் நீங்கள்தான்.

ஒன்று: புரியாமல் "ஆம்" சொல்லாதீர்கள். "எனக்குப் புரியவில்லை, தமிழில் சொல்ல ஆள் வேண்டும்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். எதிரிக்குத் தெரியாத மொழியில் சாட்சி சொன்னால், அவருக்குப் புரியும் மொழியில் அதைத் திறந்த கோர்ட்டிலேயே பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது வெள்ளைக்காரன் காலச் சட்டத்திலேயே இருக்கிறது, இன்றும் இருக்கிறது.

இரண்டு: இலவச வக்கீல் கேளுங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே உண்டு. மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்புக்குள் உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

மூன்று: முதல் தடவைக் குற்றமானால், நன்னடத்தைச் சட்டப்படி விடும்படி கேளுங்கள். 3-ஆம் பிரிவில் எச்சரித்து விடலாம். 4-ஆம் பிரிவில் பிணை எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். அப்படி விடப்பட்டவருக்கு, தண்டனையால் சட்டப்படி வரக்கூடிய தகுதியிழப்பு வராது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. அபராதம் கட்டிவிட்டு வந்தால் ஏட்டில் அது தண்டனைதான். நாளைக்குப் பிள்ளை வேலைக்குப் போகும்போது போலீஸ் விசாரணையில் எழுந்து நிற்கும். அரை மணி நேர வேலை என்று சொன்னவர் அப்போது வரமாட்டார்.

நான்கு: அபராதத்தை உடனே கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். அபராதம் மட்டும் விதித்த தீர்ப்பில் 30 நாள் அவகாசமோ, இரண்டு மூன்று தவணையோ கொடுத்துச் சிறையை நிறுத்தி வைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

ஐந்து: ஆளை உள்ளே கொண்டுபோன பிறகும் கதவு சாத்தப்படவில்லை. முழு அபராதத்தையும் கட்டினால் அந்த நிமிஷமே விடுதலை. பாதி கட்டினால் பாதி நாள் கழியும். 1860-ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு உதாரணம் சொல்கிறது. 100 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் 4 மாதம். ஒரு மாதம் முடிவதற்குள் 75 ரூபாய் கட்டினால், மாதம் முடிந்ததும் விட வேண்டும். இந்த விதி இன்றும் உண்டு. அபராதம் கட்ட வழியில்லாமல் உள்ளே இருக்கும் ஏழைகளுக்காக மத்திய அரசு 2023-இல் ஒரு திட்டம் அறிவித்தது. தண்டனை பெற்றவருக்கு 25,000 ரூபாய் வரை அதில் உதவி வைத்தார்கள். ஜெயில் அதிகாரியிடமும் சட்டப் பணிகள் ஆணையத்திலும் கேளுங்கள்.

ஆறு: தபாலில் சம்மன் வந்து, குற்றத்தை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுப் பணத்தை அனுப்பு என்றால், படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். அபராதம் மட்டுமே தண்டனையான அற்பக் குற்றங்களுக்கு அப்படி ஒரு முறை இருக்கிறது. கோர்ட்டுக்கு அலையாமல் முடிக்க அது வசதிதான். ஆனால் அதுவும் "ஆம்"தான். சங்கத்துக்குக் கொண்டுவந்து படிக்கச் சொல்லுங்கள்.

நமது கோரிக்கை

தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் தனித்தனியாகத்தான் கிடைக்கும். சேர்ந்து கேட்க வேண்டியவை உள்ளன. பிழைப்புக்கு வந்தவர்கள் நிறைந்த பகுதிகளின் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் மொழிபெயர்ப்பாளர் தினமும் இருக்க வேண்டும். இலவச வக்கீல் உரிமையை எதிரியின் மொழியில் சொல்லிவிட்டுத்தான் "கபூலா?" என்று கேட்க வேண்டும். அபராதம் விதிக்குமுன் அந்த ஆளின் நாள் வருமானம் என்ன என்று கேட்டு எழுத வேண்டும். தவணை கொடுத்துப் பார்த்து, வேறு வழியே இல்லை என்று ஆன பிறகே சிறை வர வேண்டும். இவை தமிழனுக்கு மட்டும் கேட்பவை அல்ல. பீகாரிக்கும் உத்தரப்பிரதேசத்துக்காரருக்கும் தெலுங்கருக்கும் சேர்த்தே கேட்கிறோம். நம் ஊரில் இன்று கட்டடம் கட்டும் வடநாட்டுத் தொழிலாளி, தமிழில் நடக்கும் கோர்ட்டில் நம்மைப் போலவே விழித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கும் இதுவே நியாயம்.

சாதியைப் பார்த்துத் தொழுமரம் போட்ட சட்டம் போய்விட்டது. முன்பணத்துக்குக் கடுங்காவல் போட்ட சட்டம் போய்விட்டது. பிரம்பும் போய்விட்டது. அவை போனதுபோல, பையைப் பார்த்து ஜெயிலுக்கு அனுப்புகிற இந்த ஏற்பாடும் ஒருநாள் போகத்தான் வேண்டும். அதுவரை, கூண்டில் நிற்கிற நம் ஆள் தனியாக நிற்கக் கூடாது. கைதான செய்தி கிடைத்ததும் ராத்திரியானாலும் சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். காலையில் கோர்ட் திறக்கும்போது நம்மில் இரண்டு பேராவது அங்கே இருப்போம்.